ஒவிலா திருப்பிச் சொன்ன சொல்

என் அப்பா கயெத்தானுக்கு மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டபோது, பேச்சு மொத்தமும் போய்விட்டது. என் பெயர் போயிற்று. அவர் பெயரே போயிற்று. தண்ணீர், ரொட்டி, வலி, கழிப்பறை எதுவும் வாயில் வரவில்லை. மிஞ்சியது மூன்றே சொற்கள்தான். தபர்நாக், காலிஸ், ஓஸ்தி. மூன்றும் கெட்ட வார்த்தைகள்.

மற்ற ஊர்க்காரர்கள் தாயையும் படுக்கையறையையும் இழுத்துத் திட்டுவார்கள். கியூபெக்கில் நாங்கள் பலிபீடத்தை இழுத்துத் திட்டுவோம். தபர்நாக் என்றால் நற்கருணையை வைத்துப் பூட்டுகிற பேழை. காலிஸ் என்றால் பாதிரியார் திராட்சை ரசம் ஊற்றுகிற கிண்ணம். ஓஸ்தி என்பது அந்த நற்கருணை, பூசையில் நாக்கில் வைக்கிற மெல்லிய அப்பம். சுத்தியல் விரலில் விழுந்தால் பேழை, எதிரணி கோல் போட்டால் கிண்ணம், குளிரில் வண்டி கிளம்பாவிட்டால் மூன்றும் ஒரே மூச்சில். நான் தேவாலயத்துக்குள் போனதெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். பேழை எந்த மூலையில் இருக்கும் என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் அதன் பெயரைச் சொல்லாமல் ஒரு குளிர்காலத்தையும் ஓட்டியதில்லை. எங்கள் ஊருக்கே ஒரு புனிதரின் பெயர்தான். அவர் யார், என்ன செய்தார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது, ஒவிலாவைத் தவிர.

ஒவிலாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்பாவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. என்னைப் போலச் சோம்பேறித்தனத்தால் இல்லாமல் போனதல்ல அது. அவருடையது கோபம். அவருடைய அம்மாவுக்கு இனிமேல் பிள்ளை பெறக்கூடாது, உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்துப் பாதிரியார், பிள்ளை வேண்டாம் என்கிறவளுக்குப் பாவமன்னிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா மன்னிப்பை எடுத்துக்கொண்டாள், அடுத்த பிரசவத்தில் செத்தும் போனாள். அடக்கம் முடிந்து தேவாலயத்தை விட்டு வெளியே வந்த பையன் அதற்குப் பிறகு அந்தப் படியை மிதிக்கவே இல்லை. கல்யாணம்கூட நீதிமன்றத்தில்தான். பிறகு ஊராட்சிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். தேவாலயத்து முற்றத்தையும் அவர்தான் தள்ள வேண்டும். தள்ளுவார், சுத்தமாகவே தள்ளுவார், வண்டியை விட்டு மட்டும் இறங்க மாட்டார். வண்டிக்குள் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேழை, கிண்ணம், அப்பம்தான்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் கடைசியில் அந்த மூன்று சொற்களை மட்டும் விட்டுவைத்திருந்தது மூளை. யாரோ வேண்டுமென்றே செய்த வேலை போல எனக்கு எரிச்சலாக இருந்தது. யார் மேல் எரிச்சல் என்றுதான் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவள் சல்மா. மொரோக்கோக்காரக் குடும்பம், மான்ட்ரியாலில் வளர்ந்தவள், வாயில் எப்போதும் புதினா மிட்டாய். முதல் நாள் அப்பா அவளைப் பார்த்துப் பேழையைச் சொன்னதும் நான் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

யோசித்துப் பேசுகிற பேச்சு ஒரு பக்கம், யோசிக்காமல் தானாக வாயில் வருவது இன்னொரு பக்கம் என்று விளக்கினாள். எண்ணுவது, பாட்டு, திட்டு, சின்ன வயதில் மனப்பாடம் செய்த ஜெபம் எல்லாம் அந்த இன்னொரு பக்கத்தைச் சேர்ந்தவையாம். சமையலறை வெள்ளத்தில் போனாலும் மாடியில் கிடக்கிற பழைய பெட்டிகள் நனையாமல் இருக்குமே, அதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். சரியா என்று கேட்டேன். ஏறக்குறைய சரி என்றாள்.

அப்புறம் அவள் ஒரு காரியம் செய்தாள். அப்பா எந்தச் சொல்லை எப்போது சொல்கிறார் என்று கவனிக்க ஆரம்பித்தாள். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. பள்ளிப் பேருந்து ஓட்டி முடித்ததும் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். உடம்பு வலித்தாலோ, விழப்போனாலோ, பயந்தாலோ தபர்நாக். தட்டில் ஏதோ சரியில்லை, தலையணை சரியில்லை, டிவி சத்தம் சரியில்லை என்றால் காலிஸ். யாராவது பிடித்தவர்கள் வந்தால், சூப் நன்றாக இருந்தால், ஜன்னலுக்கு வெளியே சூரியன் தெரிந்தால், மெதுவாக, இழுத்து, ஓஸ்தி. வாழ்நாள் முழுக்க இதையெல்லாம் கேட்டவள்தான் நான். அதற்குள் இத்தனை அடுக்கு இருப்பதை இப்போதுதான் கவனித்தேன்.

ஆனால் நம்பவும் முடியாது. சில சமயம் ஒன்றை நினைத்து வேறொன்று வந்துவிடும். தவறு என்று அவருக்கே தெரியும். தலையை ஆட்டிக் கட்டில் கம்பியைத் தட்டுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்காது.

ஒரு நாள் சல்மா ஜெபத்தைத் தொட்டுப் பார்த்தாள். இந்த வயதுக்காரர்கள் எல்லோருக்கும் மாதாவுக்கான மன்றாட்டு மனப்பாடமாக இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு மற்ற சொற்களை மேலே இழுக்க முடியும் என்றாள். அவள் முஸ்லிம் பெண். இதற்காகவே படித்துக்கொண்டு வந்திருந்தாள். முதல் வரியைத் தொடங்கிக் கொடுத்தாள். அப்பாவின் வாய் தானாகத் திறந்து அடுத்த நாலைந்து சொற்களைச் சொல்லியது. வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிக்கிற பையனின் குரல். பிசிறே இல்லை. அதற்குள் தன் வாய் என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்று முழுக்கத் திட்டக்கூட இல்லை.

"சொல்லுங்கப்பா, யாரும் பாக்கல"ன்னு கெஞ்சினேன் நான். கடவுளே இல்லை என்று வளர்த்த மனுஷனிடம், அவர் மகள், ஜெபம் பண்ணச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் திரும்பவே இல்லை. சல்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கை கால் ஓரளவு தேறியதும் அடுத்த கேள்வி வந்தது. இவர் எங்கே போவது? அப்பா தனியாக இருக்கிறவர். என் வீடு வேறு ஊரில், மூன்றாவது மாடியில், இரும்புப் படிக்கட்டு. நகரத்தில் இருக்கிற முதியோர் இல்லத்தில் இடம் இருக்கிறது என்றார்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். தாழ்வாரத்தில் வரிசையாகச் சக்கர நாற்காலிகள், எல்லோரும் அணைத்து வைத்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா திரும்பி வந்ததும் என் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கதவோரம் போய் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போகணும் என்று சொல்ல அதற்கு மேல் சொல் தேவையில்லை.

வீட்டுக்கு அனுப்பலாம், ஆனால் ஆபத்து என்றால் கூப்பிட வழி வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. கழுத்தில் மாட்டிக்கொள்கிற அபாயப் பொத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். அதை அழுத்தினால் எங்கேயோ இருந்து ஒரு பெண் பேசி, ஐயா உங்களுக்கு என்ன செய்கிறது, விழுந்துவிட்டீர்களா, மூச்சு வாங்குகிறதா என்று கேள்வியாகக் கேட்டாள். அப்பா அதைக் கழற்றிப் பட்டாணி சூப்பில் போட்டார்.

பக்கத்தில் இருக்கிற ஒருவர் வேண்டும், அவர் சொல்வதைப் புரிந்துகொண்டு ஓடி வருகிறவராக வேண்டும் என்றாள் சல்மா. எனக்கு உடனே தோன்றியது ஒவிலாதான்.

ஒவிலா பக்கத்து வீடு. அவர் வீட்டுக்கு அடுத்தது தேவாலயம். அதன் சாவி அவரிடம்தான். மெழுகுவர்த்தி ஏற்றுவது, மணி அடிப்பது, பூசையில் ஒத்தாசை, பாட்டு எல்லாம் அவரே. நோஞ்சான் உடம்பு, பெரிய காது. அப்பாவும் அவரும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். உறைந்த ஆற்றின்மேல் குடிசை போட்டு ஒன்றாக மீன் பிடிப்பார்கள், ஒன்றாகச் சீட்டு ஆடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒவிலா கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அப்பா முன்வாசலில் நின்று, "டேய், உன் முதலாளி இன்னிக்காவது வேலைக்கு வந்திருக்காரான்னு பாத்துட்டு வந்து சொல்லு"ன்னு கத்துவார். ஒவிலா கையை ஆட்டிவிட்டுப் போவார்.

ஒவிலா கெட்ட வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. விறகுக் கட்டை காலில் விழுந்தாலும் தபர்நூஷ் என்பார். பக்தியுள்ளவர்கள் கடைசியை மாற்றி, பல்லைப் பிடுங்கி, குழந்தைகள் சொல்லலாம் என்று வைத்திருக்கிற சொல் அது. அப்பாவுக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வரும்.

ஒவிலாவை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தோம். சல்மா ஏற்பாட்டைச் சொன்னாள். அப்பாவிடம் ஒரே பொத்தான் உள்ள கைபேசி இருக்கும். அழுத்தினால் ஒவிலாவுக்குப் போகும். அப்பா தபர்நாக் என்றால் உடனே ஓடி வரவேண்டும். காலிஸ் என்றால் ஏதோ கோளாறு, கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு வரலாம். ஓஸ்தி என்றால் நான் நன்றாக இருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அப்பாவுக்குச் சொல் மாறி வந்துவிடும் அல்லவா? அதனால் கேட்ட சொல்லை ஒவிலா அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரி என்றால் அப்பா போனை ஒரு தட்டு, தப்பு என்றால் இரண்டு தட்டு.

ஒவிலா தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. வேறு ஏதாவது சொல்லட்டுமா, ஒண்ணு ரெண்டு என்று எண் சொல்லட்டுமா என்று கேட்டார். சல்மா பொறுமையாக எல்லாவற்றையும் அங்கேயே சோதித்துக் காட்டினாள். எண் சொன்னால் அப்பா குழம்பினார். நிறம் சொன்னால் குழம்பினார். "சரி, வர்றேன்" என்றால் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார், போனில் முகம் ஏது? அதே சொல் திரும்பி வந்தால் மட்டும்தான் கண்ணில் வெளிச்சம் வந்தது.

சோதனை நாளில் ஒவிலா தன் வீட்டில், நாங்கள் ஆஸ்பத்திரியில். அப்பா பொத்தானை அழுத்தினார். சத்தமாகக் கேட்கும்படி வைத்திருந்தோம்.

"தபர்நாக்" என்றார் அப்பா.

அந்தப் பக்கம் சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒவிலாவின் குரல். "தபர்நூஷ்."

அப்பா இரண்டு தட்டுத் தட்டினார்.

திரும்பவும் அதே சொல், திரும்பவும் தபர்நூஷ், திரும்பவும் இரண்டு தட்டு. சல்மா என்னைப் பார்த்தாள். அப்பா பிடிவாதம் பிடிக்கிறாரா, உண்மையிலேயே புரியவில்லையா? அவர் வாயோரத்தைப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை. இன்றுவரைக்கும் எனக்கு அது தெரியாது.

"எனக்கு வராதுடா, கயெத்தான்" என்றார் ஒவிலா. "வாரா வாரம் அதைத் துணி போட்டுத் துடைக்கிறவன் நான். முட்டி போடாம ஒரு நாள்கூட அதைத் தாண்டிப் போனதில்ல. என் வாயால எப்படிடா?"

போனை வைத்துவிட்டார். சல்மா, அடுத்த வாரம் இன்னொரு முறை பார்க்கலாம், அதிலும் சரிவராவிட்டால் இல்லம்தான் என்றாள். அப்பாவுக்கு எவ்வளவு புரிந்ததோ, அன்றும் எடுத்துத் தன் கோட்டுப் பையில் வைத்திருந்த என் வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

எனக்கு வந்த கோபத்தில் நேராக ஒவிலா வீட்டுக்குப் போனேன். அவர் சூப்பைச் சுட வைத்தார். நான் உட்காரவில்லை.

"ஒவிலா மாமா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். உங்க பெட்டி பெருசா, எங்கப்பா பெருசா?"

அவர் கரண்டியைச் சூப்பில் சுற்றிக்கொண்டே, பாதிரியாரைப் போய்ப் பார்த்ததாகச் சொன்னார். எங்கள் பாதிரியார் ஃபாதர் அரிஸ்தித், பெனின் நாட்டுக்காரர், சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் இப்போது அவர் ஒருவர்தான். புதிதாக வந்தபோது வண்டி பழுது பார்க்கப் போய், வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் வரிசையாகப் பேழையையும் கிண்ணத்தையும் அழைப்பதைக் கேட்டு, என்ன பக்தியான தேசம் என்று நினைத்தாராம். அவரே சொல்லிச் சிரிப்பார்.

"பாவமில்ல, நல்ல காரியத்துக்குத்தானே, சொல்லுங்கன்னு சொல்வார்னு போனேன்" என்றார் ஒவிலா. "அப்படிச் சொல்லல. பாவம்தான்னுட்டார். சொல்லிட்டு வாங்க, சனிக்கிழம பாவத்தக் கேட்டு மன்னிக்க, பாவசங்கீர்த்தனத்துக்கு நான் உக்காந்திருப்பேன்னார்."

எனக்கு அந்தப் பாதிரியாரை அப்போது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒவிலாவுக்குத்தான் பிடிக்கவில்லை.

"பாவம்னு தெரிஞ்சே செய்யணுமாம், அம்மாடி" என்றார். சூப் அடிப்பிடித்தது.

அடுத்த வாரச் சோதனையில் அப்பா சொல்லைச் சொன்னார். போனுக்குள் யாரோ தீக்குச்சி கிழித்தது போல, அத்தனை சன்னமாக, ஒவிலா அதைச் சொன்னார். முழுசாக, பல்லோடு. அப்பா ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே தாழ்வாரத்துக்குப் போய் அழுதேன். சல்மா வந்து ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

மேப்பிள் இலை கொட்டி முடிந்த சமயத்தில் அப்பா வீட்டுக்கு வந்தார். காலையில் எழுந்ததும் பொத்தானை அழுத்தி ஓஸ்தி என்பார். ஒவிலா கிசுகிசுப்பாய் ஓஸ்தி என்பார். ஒரு தட்டு. அடுப்பு அணைந்துபோனால் காலிஸ், குழாய் உறைந்தால் காலிஸ். சனிக்கிழமை ஒவிலா போய் அந்த வாரத்துப் பாவக் கணக்கை ஒப்புவித்துவிட்டு வருவார். வரிசையில் அவரைத் தவிர வேறு ஆளே கிடையாதாம். ஃபாதர் சீக்கிரம் வீட்டுக்குப் போக முடியாமல் போய்விட்டது, பாவம் என்று ஒவிலாவே என்னிடம் சொன்னார். பூசை நேரத்திலும் போனை அணைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஃபாதரிடம் அனுமதி வாங்கிவைத்திருந்தார். தபர்நாக் மட்டும் அந்தச் சோதனைக்குப் பிறகு வரவே இல்லை. வராமலே போய்விடும் என்றுகூட நான் நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாயைத் திறந்தால் பல் கூசுகிற குளிர். அப்பா பின்பக்கம் விறகெடுக்கப் போயிருக்கிறார். படியில் கண்ணாடி மாதிரி பனி. கால் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எழ முடியவில்லை. பின்பக்கம் என்பதால் தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

தேவாலயத்தில் அப்போது நற்கருணை கொடுத்து முடித்து எல்லோரும் கண்ணை மூடி அமைதியாக இருக்கிற நேரம். எல்லோரும் என்றால் முன்வரிசைக் கிழவிகளும் ஒரு காதுகேளாத தச்சரும். மிச்சமிருந்த அப்பத்தை ஃபாதர் பேழைக்குள் வைக்க, ஒவிலா சின்னச் சாவியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அங்கே நிற்கும்போதுதான் போன் அடித்தது.

காதில் வைத்தார். காற்று இரைச்சல். அதற்குள் அப்பாவின் குரல், தேய்ந்து, உடைந்து. என்ன சொன்னார் என்பது ஒவிலாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குரலில் வேறு எதுவும் இருக்க முடியாது. அவர் அப்படியே ஓடியிருக்கலாம். நான் பிறகு அதைத்தான் கேட்டேன், ஏன் ஓடவில்லை என்று.

"கேட்டுச்சுன்னு அவனுக்குத் தெரிய வேணாமா?" என்றார். "தனியாக் கெடக்கறவனுக்கு?"

வாயைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார். தட்டு வரவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். காற்றுதான் வந்தது. அப்பாவுக்குக் கேட்கவில்லை. அப்போது ஒவிலா வாயிலிருந்து கையை எடுத்தார். திறந்திருந்த பேழைக்கு எதிரே, பூசை அங்கியோடு நின்று, பாட்டுப் பாடுகிற முழுக் குரலில் அந்தச் சொல்லைச் சொன்னார். அந்த உயரமான கூரை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. தச்சருக்கே கேட்டதாம். முன்வரிசையில் யாரோ ஜெபமாலையைக் கீழே போட்டார்கள்.

போனில் ஒரு தட்டு வந்தது.

ஒவிலா சாவியை ஃபாதரின் கையில் திணித்துவிட்டு, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதவோரம் மாட்டியிருந்த கோட்டை இழுத்துக்கொண்டு, பக்கவாசல் வழியாகப் பனிக்குள் ஓடினார். ஃபாதர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, கிழவிகளைப் பாடச் சொல்லிவிட்டு, பின்னாலேயே போயிருக்கிறார்.

எனக்குத் தகவல் வந்து நான் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது அப்பாவை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் வெளியே கிடந்திருந்தால் குளிரே ஆளை முடித்திருக்கும் என்றார் டாக்டர். பிழைத்துக்கொண்டார். வசந்தத்தில் திரும்பவும் வீட்டுக்கு வந்தார், இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். ஆனால் இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. ஒவிலா நாற்காலியில் அங்கியோடு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். அவருடைய கோட்டு அப்பாவோடு உள்ளே போயிருந்தது. ஃபாதர் அரிஸ்தித்தான் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து நடந்ததைச் சொன்னார்.

அவர் பின்பக்கம் போய்ச் சேர்ந்தபோது ஒவிலா பனியில் அப்பாவுக்குப் பக்கத்தில் படுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாராம், இருவர்மேலும் ஒரே கோட்டு. அப்பா தபர்நாக் என்கிறார். ஒவிலா தபர்நாக் என்கிறார். தட்டுவதற்கு அப்பாவின் கையில் போன் இல்லை. ஆனாலும் அப்பா திரும்பச் சொல்கிறார், ஒவிலா திரும்பப் பதில் சொல்கிறார். அப்பா தூக்கத்தில் நழுவும்போது ஒவிலா முந்திக்கொண்டு சொல்ல, அப்பா பதில் கொடுக்கிறார். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்வரை விடவில்லையாம்.

ஃபாதரின் கையில் நோயாளிகளுக்குப் பூசுகிற எண்ணெய்ச் சிமிழ் இருந்தது. அதை விரலால் தேய்த்துக்கொண்டே பேசினார். அப்பாவுக்கு அது பிடிக்காது என்று அவருக்குத் தெரியும்.

"நீங்க என்ன செஞ்சீங்க, ஃபாதர்?" என்று கேட்டேன்.

"தொப்பியைக் கழட்டிட்டு ஓரமா நின்னேன்" என்றார். "அவங்க முடிக்கட்டும்னு."